ஒன்பதில் ஐந்து: டிப்ரஷன் பட்டியலைப் படிக்கும்போது நடக்கும் தவறுகள்

'டிப்ரஷன் அறிகுறிகள்' என்று தேடினால் ஒன்பது வரிப் பட்டியல் ஒன்று வந்து விழும். பலரும் வரிசையாக டிக் அடித்துக்கொண்டே போய், ஐந்து வந்ததும் 'சரி, எனக்கும் இருக்கிறது' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கம் 2013-ல் வெளியிட்ட, மனநோய்களைக் கணிக்க உதவும் டி.எஸ்.எம்-5 கையேட்டில் இருக்கும் பட்டியல்தான் அது. பட்டியலில் கோளாறில்லை. அதைச் சுற்றி எழுதியிருப்பதை யாரும் படிப்பதில்லை.

அந்த ஐந்தில் ஒன்றாவது மனம் வாடிக் கிடப்பதாகவோ, எதிலும் நாட்டமில்லாமல் போவதாகவோ இருக்க வேண்டும். தூக்கம், பசி, அசதி, கவனக்குறைவு, குற்றவுணர்வு என்று ஐந்து தேறினாலும் இந்த இரண்டில் ஒன்றுகூட இல்லையென்றால் கணக்கில் வராது. ஐந்தும் ஒரே இரண்டு வாரத்துக்குள், அநேகமாகத் தினமும் இருக்க வேண்டும். போன தீபாவளிக்குத் தூக்கம் கெட்டதையும் இந்த மாத அசதியையும் கூட்டக் கூடாது. அது ஒரு மாற்றமாகவும் இருக்க வேண்டும். சின்ன வயதிலிருந்தே ஐந்து மணி நேரம் தூங்கித் தெம்பாக இருப்பவருக்கு அது அறிகுறி இல்லை.

தூக்கத்தையே எடுத்துக்கொள்வோம். "தூக்கம் வருதாம்மா?" என்று கேட்டால், "ஒன்பதரைக்கே படுத்துருவேன் டாக்டர், உடனே தூங்கிருவேன்" என்பார் சிகிச்சைக்கு வந்த ஓர் அம்மா. பட்டியலில் 'இல்லை' என்று போட்டுவிட்டு நகர்வது சுலபம். "எத்தனை மணிக்கு முழிப்பு வரும்?" என்று இன்னொரு கேள்வி கேட்டால்தான், ஐந்தரைக்கு எழுந்து பழகியவருக்குக் கொஞ்ச நாளாக மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுவதும், விடியும்வரை விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பதும், காலைப் பொழுதுதான் அவருக்கு நாளின் மோசமான பொழுது என்பதும் தெரியவரும். வழக்கத்தைவிட இரண்டு மணி நேரம் முன்னதாக விழிப்பதை உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுக் கையேடான ஐ.சி.டி-10 தனியாகவே குறித்து வைத்திருக்கிறது.

இரண்டு கையேடுகளையும் கலந்து எண்ணுவது அடுத்த தவறு. நம் ஊர் கேஸ் ஷீட்டுகளில் எஃப்32 என்று இருந்தால் அது ஐ.சி.டி-10 குறியீடு. அதில் முக்கிய அறிகுறிகள் மூன்று: வாட்டம், நாட்டமின்மை, சக்தி வற்றிப்போவது. இவற்றில் இரண்டோடு மொத்தம் நான்கு இருந்தாலே லேசான மனச்சோர்வு. 2022-ல் நடைமுறைக்கு வந்த அதன் அடுத்த பதிப்பான ஐ.சி.டி-11, நம்பிக்கையிழப்பையும் சேர்த்துப் பத்தில் ஐந்து கேட்கிறது. டி.எஸ்.எம் பட்டியலில் நான்குதான் வந்தது, அதனால் ஒன்றுமில்லை என்று கிளம்பிவிட முடியாது. 'லேசான' என்ற சொல்லும் வீட்டாரை ஏமாற்றும். அந்த நிலையிலேயே அன்றாட வேலையை இழுத்துப் பிடித்துத்தான் செய்ய வேண்டியிருக்கும்.

"எங்க சித்தி எந்நேரமும் அழுதுட்டே இருப்பாங்க, நீ அழவே இல்லையே" என்று ஒப்பிடுவதும் செல்லாது. ஒன்பதில் ஐந்து அல்லது அதற்கு மேல், முக்கியமானதில் ஒன்றாவது என்று கணக்குப் போட்டால் 227 விதமான சேர்க்கைகள் வருகின்றன. ஒரே நோய்ப்பெயர் சூட்டப்பட்ட இருவருக்கும் பொதுவான அறிகுறி ஒன்றே ஒன்றாகவும் இருக்கலாம்.

சாவு வீட்டுத் துக்கத்தில் எண்ணும்போது ரொம்பக் கவனம் தேவை. பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் இரண்டு வாரக் கணக்கு முடிந்துவிடும்! பழைய டி.எஸ்.எம்-4 இழப்புக்குப் பிறகு இரண்டு மாதம்வரை பொதுவாகப் பொறுத்திருக்கச் சொன்னது. டி.எஸ்.எம்-5 அந்த விலக்கை எடுத்துவிட்டது. அது அவசரப்பட்ட முடிவு என்று நினைப்பவர்களில் நானும் ஒருவன். ஐ.சி.டி-11 ஒரு மாதத்துக்கும் மேலான விடாத சோர்வையும், இறந்தவரோடு சம்பந்தமில்லாத குற்றவுணர்வையும் பார்க்கச் சொல்கிறது. "கடைசி நேரத்தில் பக்கத்தில் இல்லாமல் போனேனே" என்பது துக்கம். "நான் எதற்குமே லாயக்கில்லை" என்று ஆரம்பித்தால் விஷயம் வேறு.

தைராய்டு குறைபாடும் ஸ்டீராய்டு மாதிரி மருந்துகளும் இதே படத்தைக் காட்டும் என்பதால் ரத்தப் பரிசோதனையைத் தட்டிக் கழிக்க வேண்டாம். இந்த அறிகுறிகளுக்கு மதிப்பெண் போடும் பிஎச்கியூ-9 கேள்வித்தாளில் 27-க்கு 10 வந்தால் மருத்துவரைப் பாருங்கள் என்று அர்த்தம், அவ்வளவுதான். நோய் உறுதியாகிவிட்டது என்று அர்த்தமில்லை.

என்னைக் கேட்டால், இருப்பதிலேயே பெரிய தவறு, எபிசோடையே, அதாவது இந்த அறிகுறிகள் சேர்ந்து வரும் ஒரு காலகட்டத்தையே, நோய் என்று நினைப்பதுதான். எபிசோட் தனி நோய் இல்லை, நோயைக் கணிக்க உதவும் ஒரு துண்டு என்று ஐ.சி.டி-11 வெளிப்படையாகவே சொல்கிறது. அதே சோர்வு, சோர்வும் மிதமிஞ்சிய எழுச்சியும் மாறி வரும் பைபோலார் கோளாறிலும் வரும். இரண்டு வருடம் முன்பு நான்கைந்து நாள் மூன்று மணி நேரமே தூங்கியும் களைப்பில்லாமல், வாய் ஓயாமல் பேசி, கடன் வாங்கிச் செலவழித்ததை நோயாளி தானாகச் சொல்ல மாட்டார். வீட்டாரும் "அப்போ நல்லாத்தானே இருந்தான்" என்பார்கள். அதைக் கேட்காமல் மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் சிலருக்கு மிதமிஞ்சிய எழுச்சி கிளம்பிவிடும். அதனால் கூடப்போகிறவர் பழைய கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பட்டியலின் ஒன்பதாவது வரி, சாவு பற்றிய எண்ணம். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பயந்து பலர் தாண்டிவிடுகிறார்கள். கேட்பதால் அது முளைப்பதில்லை. "செத்துப்போயிரலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேட்கலாம். ஆமாம் என்றால் தனியாக விடாமல் கூட இருந்து, அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். ராத்திரியாக இருந்தாலும் 14416 என்ற டெலி மனாஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழில் பேசலாம்.