நம் வீட்டு வழக்கம் உளவியல் ஆகாது

பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்கப் போகும் ஒரு தாய் என்னிடம் ஆலோசனை கேட்க வந்தார். “ஏழு வயசாச்சு, இன்னும் என் கூடத்தான் சார் படுக்குறான்” என்று பேச்சைத் தொடங்கினார். என் வாய் முந்திக்கொண்டது: “தனியாப் படுக்கப் பழக்குங்கம்மா.” ஒரே அறை கொண்ட வீடு என்பதைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. நான் சொன்னது உளவியலே அல்ல. படித்த ஊரில் என்னிடம் ஒட்டிக்கொண்ட நம்பிக்கை.

பெற்றோருக்கு ஆலோசனை சொல்பவர்கள் முதலில் தவிர்க்க வேண்டியது இதைத்தான். பெரியவர்களே இதில் சறுக்கியிருக்கிறார்கள். வெளியே தெரியும் நடத்தையை மட்டுமே ஆராயும் நடத்தையியலின் முன்னோடி, உளவியலாளர் ஜான் வாட்சன், பிள்ளைகளைக் கட்டி அணைக்காதீர்கள், மடியில் வைக்காதீர்கள், காலையில் கைகுலுக்குங்கள் என்று 1928இல் எழுதினார். போதிய ஆதாரம் இல்லாத சொந்தக் கருத்து அது. அறிவியல் என்று நம்பி எத்தனை தாய்மார் கையை மடக்கிக்கொண்டார்களோ! ஆனால் 1958இல் உளவியலாளர் ஹாரி ஹார்லோ வெளியிட்ட ஆய்வில், தாயைப் பிரிந்த குரங்குக் குட்டிகள் பால் கொடுத்த கம்பிப் பொம்மையை விட்டுத் துணிப் பொம்மையையே கட்டிக்கொண்டு கிடந்தன.

பெற்றோரை வகை பிரிப்பதிலும் அவசரம் வேண்டாம். பிள்ளை வளர்ப்பு முறைகளை வகை பிரித்த உளவியலாளர் டயானா பாம்ரிண்ட் 1960களில் கலிபோர்னியாவில் கவனித்தவை பெரும்பாலும் நடுத்தர வர்க்க வெள்ளையர் குடும்பங்கள். “அலை பக்கம் போகாத, ஏறி வாடா!” என்று அதட்டும் அம்மாச்சிக்கு அந்த அளவுகோலால் ‘சர்வாதிகார வளர்ப்பு’ என்று முத்திரை குத்தினால், அந்த அதட்டல் காக்கிற உயிர் நம் கண்ணுக்குத் தெரியாமல் போகும்.

ஊர்க்காரராக இருந்தால் மட்டும் தப்பிவிட முடியாது. ‘அடியாத மாடு படியாது’ என்று கேட்டு வளர்ந்தவன் நான். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்குப் போகும் அப்பா வீட்டிலேயே இருப்பார், மகனோடு உரசல் வரும். “ரெண்டு போடுங்க, சரியாயிரும்” என்று நாம் சொன்னால் அதுவும் சொந்த நம்பிக்கைதான். அடி வாங்கும் பிள்ளைகளிடம் முரட்டுத்தனம் கூடுவதையே ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. இதை மட்டும் தயங்காமல் சொல்ல வேண்டும். ஆதாரம் இல்லாத இடத்தில் “இது என் அபிப்பிராயம்” என்று வெளிப்படையாகச் சொல்லிவிடலாம்.

அந்தத் தாய் மறுபடி வந்தபோது, “உங்களுக்கு எதும்மா கவலை?” என்று கேட்டேன். கூடப் படுப்பது அவருக்குக் கவலையே இல்லை. அப்பா கடலுக்குப் போன இரவுகளில், படகு திரும்பும்வரை பையன் தூங்காமல் விழித்துக் கிடக்கிறானாம்.