‘பீல் ஆஃப்’ எங்கே வரும், எங்கே வராது

ஒரு பொருளின் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய படலத்தை ஓரத்தில் பிடித்து உரித்தெடுப்பதற்கு ஆங்கிலத்தில் ‘பீல் ஆஃப்’. ஸ்டிக்கர், பிளாஸ்திரி, புது செல்போன் திரைமேல் வரும் பாதுகாப்புத் தாள், நனைந்து காலோடு ஒட்டிப்போன சாக்ஸ் எல்லாமே இதில் அடங்கும். தொளதொளவென்று இருக்கும் சட்டையைக் கழற்ற ‘டேக் ஆஃப்’ போதும். ஒட்டியிருந்தால்தான் ‘பீல் ஆஃப்’.

படி 1: எது கையோடு வருகிறது?

‘பீல் தி ஆரஞ்ச்’ சரி. ‘பீல் ஆஃப் தி ஆரஞ்ச்’ தவறு. ‘ஆஃப்’ சேர்ந்துவிட்டால், உரிந்து வரும் பொருளைத்தான் சொல்ல வேண்டும்: ‘பீல் ஆஃப் தி ஸ்கின்’. எதிலிருந்து என்பதையும் சொல்வதானால் ‘பீல் தி ஸ்கின் ஆஃப் தி ஆரஞ்ச்’. எழுதும்போது இந்த ‘ஆஃப்’புக்கு இரண்டு ‘எஃப்’ உண்டு. ஒரு ‘எஃப்’ போட்டால் ‘உடைய’ என்ற பொருள் வந்துவிடும்.

படி 2: ‘இட்’ நடுவில்

‘பீல் ஆஃப் தி லேபிள்’, ‘பீல் தி லேபிள் ஆஃப்’ இரண்டும் சரி. ஆனால் லேபிளுக்குப் பதில் ‘இட்’ அல்லது ‘தெம்’ வந்தால் அது நடுவில்தான் உட்காரும்: ‘பீல் இட் ஆஃப்’. ‘பீல் ஆஃப் இட்’ என்று யாரும் சொல்வதில்லை. ஆங்கிலம் கற்போருக்கென்றே வந்திருக்கும் அகராதிகள் ‘பீல் சம்திங் ஆஃப்’ என்று இடத்தையும் சேர்த்தே காட்டும். வெறும் பொருள் மட்டும் தரும் ஆங்கிலம்-தமிழ் அகராதியைவிட இதற்கு அவையே மேல்.

படி 3: உரிந்ததா, உரித்ததா?

அதிகம் பேர் தடுக்கி விழுவது இங்கேதான். தமிழில் பெயிண்ட் தானாக ‘உரிந்தது’. ஆள் அதை ‘உரித்தார்’. நமக்கு வினையே மாறிவிடுகிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘பீல்ட் ஆஃப்’தான். அதனால் ‘பெயிண்ட் உரிந்துவிட்டது’ என்று சொல்ல நினைத்து ‘தி பெயிண்ட் வாஸ் பீல்ட் ஆஃப்’ என்று எழுதிவிடுகிறார்கள். அதற்கு, யாரோ வேண்டுமென்றே உரித்தார்கள் என்று பொருள். ஈரம் ஏறித் தானாக உரிந்திருந்தால் ‘தி பெயிண்ட் ஹாஸ் பீல்ட் ஆஃப்’. இப்போது உரிந்துகொண்டிருந்தால் ‘இஸ் பீலிங் ஆஃப்’. தமிழில் ‘உரிக்கப்பட்டது’ என்று சொல்ல முடிந்தால் மட்டும் ‘வாஸ் பீல்ட் ஆஃப்’ எழுதுங்கள்.

இதிலேயே இன்னொரு சிக்கல். வெயில் பட்டு மூக்கில் தோல் உரிகிறது என்பதற்கு ‘மை நோஸ் இஸ் பீலிங்’ சரி. ‘ஆஃப்’ சேர்த்தால் மூக்கே கழன்று வருவதாக ஆகிவிடும்! சுவருக்கும் இதே கதை: ‘தி வால் இஸ் பீலிங்’, ‘தி பெயிண்ட் இஸ் பீலிங் ஆஃப்’. படி 1-இல் பார்த்த அதே விதிதான்.

பக்கத்துச் சொற்கள்

கத்தியாலோ நகத்தாலோ சுரண்டினால் ‘ஸ்கிரேப் ஆஃப்’. வெடுக்கென்று பிய்த்தால் ‘டேர் ஆஃப்’. சுவரின் பழைய பெயிண்டை மிச்சமில்லாமல் நீக்கினால் ‘ஸ்ட்ரிப் ஆஃப்’. ஓரத்தை மட்டும் விலக்கி, முழுக்க எடுக்காமல் விட்டால் ‘பீல் பேக்’.

பேசும்போது ‘பீலாஃப்’, ‘பீல்டாஃப்’ என்று சேர்த்தே சொல்லுங்கள். ‘பீ’யைக் குறுக்கினால் மாத்திரையைக் குறிக்கும் ‘பில்’ போலக் கேட்கும்.

படலமே இல்லாத பயன்பாடுகளும் உண்டு. நோட்டுக் கட்டிலிருந்து சில தாள்களை எடுத்து நீட்டுவதும் ‘பீல் ஆஃப்’தான். அணிவகுத்துப் பறக்கும் விமானங்களில் ஒன்று வளைந்து தனியே பிரிந்தாலும் ‘பீல்ட் ஆஃப்’ என்பார்கள். இந்தக் கடைசிப் பொருளில் எதை என்ற கேள்விக்கே இடமில்லை. எதிலிருந்து பிரிந்தது என்று சொல்ல ‘ஃப்ரம்’ சேர்த்துக்கொள்ளலாம்: ‘பீல்ட் ஆஃப் ஃப்ரம் தி குரூப்’.