பட்டாம்பூச்சிக்கு இலை போடுவது எப்படி?

பட்டாம்பூச்சி வரவேண்டும் என்று கலர் கலராகப் பூச்செடி வாங்கி வைப்பவர்கள் பலர். வரும், தேன் குடிக்கும், போய்விடும். முட்டையிட வேண்டுமானால் அதன் புழு தின்னும் இலை வேண்டும். எல்லா இலையும் ஆகாது. ஒவ்வொரு இனத்துக்கும் குறிப்பிட்ட சில செடிகள்தான். தமிழ்நாட்டுச் சமவெளியில் மொட்டைமாடியோ கொல்லையோ இருந்தால் போதும், தொடங்கிவிடலாம்.

1. இடம்: காலை வெயில் நன்றாக விழவேண்டும். சிறகு சூடேறினால்தான் பட்டாம்பூச்சி சுறுசுறுப்பாகப் பறக்கும்.

2. புழுவுக்கான செடி: கறிவேப்பிலை, எருக்கு இரண்டும் போதும்.

கறிவேப்பிலையில் கறிவேப்பிலை அழகி, எலுமிச்சை அழகி என்ற இரண்டு பட்டாம்பூச்சிகளும் முட்டையிடும். ஓரடிக்குக் குறையாத தொட்டியில் செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு போடுங்கள். கன்று வாங்கும்போது பூச்சிமருந்து அடித்ததா என்று கேட்டுவிடுங்கள். சமையலுக்கென்று தனியாக ஒரு செடி இருந்தால் வீட்டில் சண்டை வராது.

எருக்கைப் பிடுங்கி நட்டால் பெரும்பாலும் பிடிக்காது. வேர் ஆழமாகப் போகும். காய் வெடிக்கும் தறுவாயில் பறித்து, பஞ்சை எடுத்துவிட்டு விதையைத் தூவி லேசாக மண் மூடுங்கள். தண்ணீர் தேங்கக் கூடாது. அதன் பால் நச்சு, கண்ணில் பட்டால் ஆபத்து. குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். அந்த நச்சை உடம்பில் சேர்த்துக்கொண்டுதான், எருக்கில் முட்டையிடும் வெந்தய வரியன் என்ற பட்டாம்பூச்சி பறவைகளிடமிருந்து தப்புகிறது.

3. தேனுக்கு: தும்பை, துளசி, கிலுகிலுப்பை. கிலுகிலுப்பை காய்ந்தாலும் வெட்டாதீர்கள். வரியன் இனத்து ஆண்கள் அதை மொய்க்கும். பெண்ணைக் கவரும் வாசனைக்கு வேண்டிய பொருள் அதில் இருக்கிறது. உண்ணிச்செடியிலும் பட்டாம்பூச்சி உட்காரும்தான், ஆனால் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து நம் காடுகளை அடைத்துக்கொண்ட செடி அது. வேண்டாம்.

4. மருந்து: எதுவும் கூடாது, வேப்பெண்ணெய் உட்பட. கறிவேப்பிலையில் பறவை எச்சம் போல ஒன்று ஒட்டியிருந்தால் அது இளம்புழு, வளர்ந்தபின் பச்சையாகிவிடும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கொம்பு நீட்டி நாற்றம் விடும், கடிக்காது. இலை மொட்டையானால் பயப்பட வேண்டாம், திரும்பத் துளிர்க்கும்.

5. கூட்டுப்புழு: செடியை விட்டிறங்கிச் சுவரிலோ குச்சியிலோ கூட ஒட்டிக்கொள்ளும். பெருக்கும்போது பார்த்துப் பெருக்குங்கள். முட்டையிலிருந்து பட்டாம்பூச்சி ஆக ஏறக்குறைய ஒரு மாதம்.

அப்புறம், எருக்கில் மஞ்சள் அசுவினி (சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சி) கட்டாயம் வரும். புழு இல்லாத கிளையாகப் பார்த்துத் தண்ணீரைப் பீய்ச்சினால் உதிர்ந்துவிடும். கொஞ்சம் இருந்தால் விட்டுவிடுங்கள், பொறிவண்டுக்கு அதுதான் சாப்பாடு.