விட்பிக்குப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

இங்கிலாந்தின் கடற்கரை ஊர் என்றதும் பலருக்கு நினைவு வருவது பிரைட்டனோ பிளாக்பூலோதான். கடலுக்குள் நீளும் பாலம், அதன்மேல் ராட்டினம், விளக்கலங்காரம். அந்த எதிர்பார்ப்போடு வடக்கு யார்க்‌ஷயரின் விட்பியில் வந்து இறங்குகிறவர்களின் முகம் முதல் அரை மணி நேரத்திலேயே சுண்டிப்போகிறது. இங்கேயும் கடலுக்குள் நீளும் இரண்டு கரங்கள் உண்டு. ஆனால் அவை கேளிக்கைக்காகக் கட்டியவை அல்ல. எஸ்க் ஆற்றின் முகத்துவாரத்தில் படகுகளைக் காக்க எழுப்பிய கல் அலைதடுப்புகள். விட்பி இன்றும் ஒரு துறைமுக ஊர். கடல் எப்போது ஏறுகிறது, எப்போது வற்றுகிறது என்பதை வைத்துத்தான் இங்கே பாதிக் காரியங்கள் நடக்கின்றன. அதைக் கவனிக்காமல் வருகிறவர்கள்தான் தவறுகளில் பெரும்பாலானவற்றைச் செய்கிறார்கள்.

முதல் சறுக்கல் பயணத் திட்டத்திலேயே. வரைபடத்தில் ஸ்கார்பரோவும் விட்பியும் அடுத்தடுத்து இருக்கின்றன. ஸ்கார்பரோவுக்கு ரயில் இருக்கிறது, அங்கிருந்து இன்னொன்றைப் பிடித்துக்கொள்ளலாம் என்று கிளம்பிவிடுகிறார்கள். அந்தக் கடலோரப் பாதையை 1965இலேயே மூடிவிட்டார்கள். இப்போது அதில் நடக்கலாம், சைக்கிள் ஓட்டலாம். விட்பிக்கு வரும் வழக்கமான ரயில் மிடில்ஸ்பரோவிலிருந்து எஸ்க் பள்ளத்தாக்கு வழியாக ஒன்றரை மணி நேரம் வருகிறது. வழியின் அழகுக்குக் குறைவில்லை, வண்டிகளுக்குத்தான் குறைவு. நாளொன்றுக்கு விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒன்றைத் தவறவிட்டால் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். பிக்கரிங்கிலிருந்து நீராவி ரயிலும் வருகிறது. அது தனி நிர்வாகம், தனி டிக்கெட். சாதாரண ரயில் டிக்கெட் அதில் செல்லாது, ஆண்டு முழுவதும் ஓடுவதும் இல்லை.

லண்டனிலிருந்து வருகிறவர்களுக்கு நான் சொல்லும் வழி இது: கிங்ஸ் கிராஸிலிருந்து யார்க் வரை ரயில், பிறகு 840 பஸ். 2018இல் பிரிட்டனின் மிக அழகான பஸ் வழித்தடமாகத் தேர்வானது இதுதான். மாடியில் முன் இருக்கை கிடைத்தால் விடாதீர்கள். ஆகஸ்டில் மேட்டுநிலம் முழுக்க ஹெதர் பூத்து ஊதாவாகக் கிடக்கும். ஆனால் ஏறும்போதே திரும்பி வரும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று பார்த்துவிடுங்கள். நகரத்துப் பழக்கத்தில் ஒன்பது மணி, பத்து மணி என்று நினைத்திருந்தால் ஏமாந்துபோவீர்கள். காரில் வருகிறவர்கள் பழைய ஊரின் சந்துகளில் இடம் தேடி அலைய வேண்டாம். கோடையில் ஊர் எல்லையிலேயே காரை நிறுத்திவிட்டு பஸ்ஸில் இறங்க வசதி இருக்கிறது.

இனி எல்லாவற்றிலும் பெரிய தவறு. சென்னைக் கடற்கரையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குக் கடல் ஏறுவதும் வற்றுவதும் கண்ணில் படாத சங்கதி. அங்கே இரண்டுக்கும் உள்ள வேறுபாடு சுமார் ஒரு மீட்டர்தான். விட்பியில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அது நான்கு மீட்டரைத் தாண்டிவிடும். காலையில் குழந்தைகள் பந்து விளையாடிய மணல்வெளியில் மதியம் அலை பாறையை அறைந்துகொண்டிருக்கும். நீர் எதிரே நேராக வந்தால் யாரும் பின்வாங்கிவிடுவார்கள். ஆனால் இங்கே கரை உள்வளைந்த குடாக்களாக அமைந்திருக்கிறது. குடாவின் நடுவே உலர்ந்த மணலில் நீங்கள் நின்றுகொண்டிருக்கும்போதே இரு முனைகளிலும் நீர் பாறையைத் தொட்டுவிடும். திரும்பிப் பார்த்தால் வழி இல்லை. பின்னால் செங்குத்துப் பாறை; ஏற முயன்றால் கையோடு பெயர்ந்து வரும். கிழக்கு அலைதடுப்பைத் தாண்டி சால்ட்விக் குடா வரை பாறையடியில் நடக்கப் போகிறவர்கள் இப்படித்தான் மாட்டிக்கொண்டு, மீட்புப் படகு வரும்வரை நடுங்கிக்கொண்டு நிற்கிறார்கள்.

கடல் ஏறும் நேர அட்டவணை இணையத்திலும் ஊர்க் கடைகளிலும் கிடைக்கிறது. அதிலும் ஒரு கண்ணி உண்டு. சில அட்டவணைகள் ஆண்டு முழுவதற்கும் கிரீனிச் நேரத்தையே போட்டிருக்கும். கோடையில் அதோடு ஒரு மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். நேற்று நண்பர் போய்வந்த நேரத்தை நம்பி இன்று போகவும் கூடாது, ஏற்றம் நாளுக்கு நாள் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். நீர் இறங்கிக்கொண்டிருக்கும்போது கிளம்புங்கள்; முழுதும் வற்றும் நேரத்துக்கு முன்பே திரும்ப ஆரம்பித்துவிடுங்கள். யாராவது மாட்டிக்கொண்டதைப் பார்த்தால் 999ஐ அழைத்து கோஸ்ட்கார்டைக் கேளுங்கள். நீங்களே இறங்கிப் போகாதீர்கள். வெறுமனே காலார நடக்க விரும்புகிறவர்களுக்கு மேற்குப் பக்கம் சாண்ட்ஸெண்ட் வரை நீளும் மணல் போதும். அங்கும் நேரம் பார்த்துத்தான் போக வேண்டும்.

பாறையடியில் சாய்ந்து உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதற்றமாக இருக்கும். இந்தக் களிப்பாறை மழைக்குப் பிறகு முன்னறிவிப்பு இல்லாமல் சரியும். பாறையைச் சுத்தியால் தட்டுவதும் வேண்டாத வேலை. மணலிலும் கூழாங்கற்களுக்கு நடுவிலும் உதிர்ந்து கிடப்பதைப் பொறுக்கினாலே போதும். சுருண்ட சங்கு போன்ற அம்மோனைட் புதைபடிவம் கிடைக்கும். இங்கே மடம் நடத்திய புனித ஹில்டா ஊரிலிருந்த பாம்புகளைக் கல்லாக்கிவிட்டார் என்பது உள்ளூர்க் கதை. அந்தக் கதைக்குப் பொருத்தமாக அம்மோனைட்டுகளில் பாம்புத் தலை செதுக்கி விற்ற காலமும் இருந்தது. நம் வீட்டுப் பூஜையறைகளில் இருக்கும் கண்டகி நதிச் சாளக்கிராமமும் அம்மோனைட் புதைபடிவம்தான். அங்கே பெருமாளாகவும் இங்கே பாம்பாகவும் ஒரே உயிரினத்தைக் கண்டிருக்கிறார்கள்.

அதே பாறைகளிலிருந்து வருவதுதான் விட்பி ஜெட். பார்வைக்குக் கறுப்பு மணி. உண்மையில் சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் புதைந்த மரம். 1861இல் கணவர் ஆல்பர்ட் இறந்தபின் விக்டோரியா மகாராணி துக்க நகையாக இதை அணிந்தார். நாடே பின்பற்றியது, இந்த ஊரின் பட்டறைகள் செழித்தன. இன்று பழைய நகைக் கடைகளில் 'ஜெட்' என்று எழுதியிருப்பதெல்லாம் ஜெட் என்று நம்பிப் பணத்தைக் கொட்டுவது பெருந்தவறு. கறுப்புக் கண்ணாடியும் கெட்டிப்படுத்திய ரப்பரும் அதே பெயரில் உலவுகின்றன. கையில் எடுத்துப் பாருங்கள். கண்ணாடி கனக்கும், தொட்டதும் சில்லென்று இருக்கும். ஜெட் தன் பருமனுக்குச் சற்றும் பொருந்தாதபடி லேசாக இருக்கும், விரலுக்குக் குளிர்ச்சி தட்டாது. கடற்கரையில் நீங்களே ஒரு கறுப்புத் துண்டைக் கண்டெடுத்தால், பளபளப்புப் பூசாத பீங்கானின் அடிப்பக்கத்தில் இழுத்துப் பாருங்கள். பழுப்புக் கோடு விழுந்தால் ஜெட்டாக இருக்கலாம். கறுப்பாக விழுந்தால் நிலக்கரி. அதற்காக வருத்தப்பட வேண்டாம், பெரும்பாலும் அதுதான் விழும்.

குளிக்க நினைப்பவர்களுக்கு: ஆகஸ்டிலும் இந்தக் கடலின் வெப்பநிலை 15 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். திடீரென்று குதித்தால் மூச்சு முட்டும். சிவப்பும் மஞ்சளும் கலந்த இரு கொடிகளுக்கு நடுவில் மட்டும் இறங்குங்கள். காற்றடைத்த மிதவைகளைக் குழந்தைகளிடம் கொடுக்கவே கொடுக்காதீர்கள்; கரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசும் நாளில் அது கண்ணெதிரே போய்விடும். 1861 பிப்ரவரிப் புயலில் மீட்புப் படகில் போன 13 பேரில் 12 பேர் இந்தத் துறைமுக வாயிலருகே இறந்தார்கள். பிழைத்த ஒரே ஒருவர் ஹென்றி ஃப்ரீமன். புதிதாக வந்திருந்த தக்கை உயிர்காப்பு அங்கியை அன்று அணிந்திருந்தவர் அவர் மட்டுமே. புயல் நாளில் படமெடுப்பதற்காக அலைதடுப்பின் முனைக்குப் போகிறவர்கள் இதை ஒரு கணம் நினைக்கலாம்.

சாப்பாட்டுக்கு வருவோம். சைவர்களும் மாட்டிறைச்சி உண்ணாதவர்களும் "மீன்தானே வேண்டாம், சிப்ஸ் மட்டும் கொடுங்கள்" என்று வாங்கிவிடுகிறார்கள். யார்க்‌ஷயரில் மீனும் உருளைக்கிழங்கும் பொரிப்பது பெரும்பாலும் மாட்டுக் கொழுப்பில். அதுதான் இந்தப் பக்கத்தின் பெருமையே. கடைவாசலில் எழுதிப்போடுகிறவர்களும் உண்டு, எழுதாதவர்களும் உண்டு. ஆகவே வரிசையில் நிற்பதற்கு முன்பே எதில் பொரிக்கிறீர்கள் என்று கேளுங்கள். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள், தினமும் கேட்கிற கேள்விதான். தாவர எண்ணெயில் பொரிக்கும் கடைகளும் இருக்கின்றன. மீன் சாப்பிடுகிறவர்கள் இங்கே காட் மீனைக் கேட்பதைவிட ஹாடக் கேட்பது நல்லது. யார்க்‌ஷயர்க்காரர்களுக்கு அதுதான் மீன். மதியம் ஒரு மணிக்குப் புகழ்பெற்ற கடையின் முன் நீளும் வரிசையில் நின்று பொழுதைக் கழிப்பதும் வீண். பதினொன்றரைக்கோ மூன்று மணிக்கோ போனால் அதே மீன், பாதிக் கூட்டம்.

வாங்கிய பொட்டலத்தைக் கரையோரக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டு போனைத் தேடினால், பொட்டலம் உங்களுடையது அல்ல. கடற்காகம் பின்னாலிருந்துதான் வரும். பறவையை நேருக்கு நேர் முறைத்துப் பார்த்தால் அது உணவை நெருங்கத் தயங்குகிறது என்று எக்ஸிடர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் சோதித்துச் சொன்னார்கள். முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டு முறைத்தபடி சாப்பிடுவது கொஞ்சம் கோமாளித்தனம்தான். பலிக்கிறது. அதற்குத் தீனி போட்டுப் பழக்காதீர்கள், அடித்துவிடவும் கூடாது. சட்டப் பாதுகாப்பு உள்ள பறவை.

பாறை உச்சியில் இருக்கும் பழைய மடத்துக்கும் ஆலயத்துக்கும் ஏற 199 படிகள். இடையிடையே இருக்கும் அகன்ற மேடைகள் சவப்பெட்டியைத் தூக்கிச் சென்றவர்கள் இறக்கிவைத்து இளைப்பாறப் போட்டவை. முழங்கால் வலி உள்ளவர்கள் படியில் வீரம் காட்ட வேண்டியதில்லை. மடத்தருகே வாகனத்தில் போகச் சாலை இருக்கிறது. மேலே போனவர்களில் பலர் டிராகுலாவின் கல்லறை எங்கே என்று கேட்கிறார்கள். கற்பனைப் பாத்திரத்துக்குக் கல்லறை கிடையாது! பிராம் ஸ்டோக்கர் 1890இல் இங்கே தங்கியிருந்தார், 1897இல் வெளியான நாவலில் டிராகுலாவை இந்தக் கரையில் ஒரு பெரிய நாயின் வடிவில் இறக்கினார், அவ்வளவுதான். அங்கே இருப்பவை உண்மையான மனிதர்களின் கல்லறைகள்; அவற்றின்மேல் ஏறி நின்று படமெடுக்காதீர்கள். ஆண்டுக்கு இருமுறை கறுப்பு உடையும் ஒப்பனையுமாக, 'காத்' என்ற இருண்ட ரசனை கொண்ட இசைப் பண்பாட்டு விழாவின் கூட்டம் ஊரை நிறைக்கும். அது பிடிக்குமென்றால் அப்போதே வாருங்கள், அறையை மட்டும் மாதக்கணக்கில் முன்பே பதிவு செய்துவிடுங்கள். பிடிக்காதென்றால் தேதியைப் பார்த்து ஒதுங்கிக்கொள்ளுங்கள்.

இடிந்து நிற்கும் மடத்தைப் பார்த்து, ஹில்டா இங்கேதான் இருந்தார் என்று வியக்கிறவர்களுக்கு ஒரு திருத்தம். ஹில்டாவின் மடம் 657இல் தொடங்கியது; ஈஸ்டர் எந்த நாளில் வரும் என்ற வழக்கை ஐரிஷ் முறைக்கு எதிராக ரோமாபுரி முறைக்குச் சாதகமாக 664இல் தீர்த்த சபை கூடியது அங்கேதான். அந்தக் கட்டடங்கள் மண்ணோடு போய்விட்டன. நீங்கள் பார்ப்பது பல நூற்றாண்டுகள் கழித்து எழுந்தது. 1539இல் எட்டாம் ஹென்றி மூடியது. 1914 டிசம்பரில் ஜெர்மன் போர்க்கப்பல்களின் குண்டடியும் பட்டது. மடத்துக்கு டிக்கெட் வாங்கிவிட்டு, பக்கத்திலேயே இருக்கும் புனித மேரி ஆலயத்தை விட்டுவிடுகிறவர்கள்தான் பாவம். உள்ளே கதவு வைத்த பெட்டி போன்ற மர இருக்கைகள், சிலவற்றில் 'அந்நியர்களுக்கு மட்டும்' என்ற எழுத்து. மூன்றடுக்குப் பிரசங்க மேடையின் பின்னால் காதுக் குழல்கள் தொங்குகின்றன. காது கேளாத பாதிரியார் மனைவிக்காக மாட்டியவை.

மழை வந்தால் ஊரே முடிந்தது என்று அறைக்குத் திரும்பாதீர்கள். பேனட் பூங்காவில் உள்ள அருங்காட்சியகத்தில் ரத்தம் உறிஞ்சும் அட்டைகளை வைத்துப் புயலை முன்னறியும் கருவியின் மாதிரி இருக்கிறது. ஜார்ஜ் மெர்ரிவெதர் என்ற உள்ளூர் மருத்துவர் செய்தது; 1851 லண்டன் பெருங்கண்காட்சிக்கே போனது. 12 புட்டிகளில் 12 அட்டைகள். காற்றழுத்தம் மாறும்போது அவை மேலே ஏறி மணியை அடிக்கும் என்பது ஏற்பாடு. இந்த ஊருக்கு அந்தக் கருவி இன்றும் தேவைதான். மே, ஜூனில் உள்நாட்டில் வெயில் காயும்போதே கடலிலிருந்து மூடுபனி ஏறி, பத்தடிக்கு அப்பால் தெரியாமல் செய்துவிடும். யார்க்கின் வானிலையைப் பார்த்துச் சட்டையோடு வருகிறவர்கள் நடுங்குகிறார்கள். அந்த நேரத்தில் சில மைல் உள்ளே கோத்லண்டுக்குப் போய்விட்டால் வெயில் இருக்கும்.

கடைசியாக, ஹென்றியட்டா தெருவில் 1872 முதல் மீன் புகைபோடும் குடும்பக் கடை ஒன்று இருக்கிறது. கருவாட்டை விரும்புகிறவர்கள் கிப்பர் என்ற புகையூட்டிய ஹெர்ரிங் மீனை வாங்காமல் வர மாட்டார்கள். வாங்குவது ஊரை விட்டுக் கிளம்பும் கடைசி நேரத்தில் இருக்கட்டும். காலையில் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு சுற்றினால் மாலை பஸ்ஸில் உங்கள் பக்கத்து இருக்கை காலியாகவே வரும். வீட்டில் எண்ணெயில் வறுத்தால் வாசனை திரைச்சீலையில் இரண்டு நாள் தங்கும். உயரமான ஜாடியில் வாலை மேலே வைத்து நிறுத்தி, மூழ்கும்வரை கொதிநீர் ஊற்றி ஆறேழு நிமிடம் மூடிவையுங்கள். நீரை வடித்துவிட்டு வெண்ணெய் வைத்துச் சாப்பிடலாம்.