அக்காவும் அண்ணனும் மேடையேறட்டும்: தமிழ்ப்பள்ளியில் ஊக்க உரை நிகழ்ச்சி நடத்துவது எப்படி?

எங்கள் தமிழ்ப்பள்ளி மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், செபராங் பிறையில் இருக்கிறது. அங்கே பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் நான் ஒரு செயலவை உறுப்பினர். 2022 முதல் ஆண்டுக்கு ஒரு காலை ஊக்க உரை நிகழ்ச்சி நடத்தி வருகிறோம். இரண்டாம் ஆண்டிலிருந்து முன்னாள் மாணவர்களையும் இப்போது படிக்கும் பிள்ளைகளையும் ஒரே மேடையில் பேச வைக்கிறோம். பினாங்குத் தீவிலும் பட்டர்வொர்த்திலும் உள்ள சில பள்ளிகளின் பெற்றோர்கள் "நாங்களும் செய்யணும், எங்கிருந்து ஆரம்பிக்கிறது?" என்று கேட்டார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் எங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லிவிடுகிறேன். முதல் ஆண்டில் வெளியூரிலிருந்து பெயர் பெற்ற பேச்சாளர் ஒருவரை அழைத்தோம். ஐம்பது நிமிடம் நன்றாகத்தான் பேசினார். நிகழ்ச்சி முடிந்து பாயைச் சுருட்டும்போது ஆறாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி என்னிடம் வந்து, "ஆன்ட்டி, அவரு நம்ம ஸ்கூல்லயா படிச்சாரு?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "ஓ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அந்த ஒரு எழுத்தில் எனக்கு எல்லாம் புரிந்தது. அடுத்த ஆண்டிலிருந்து முறையையே மாற்றினோம்.

முதல் படி: யாரை அழைப்பது

நான்கு முன்னாள் மாணவர்கள் போதும். அதில் இருவர் பள்ளியை விட்டுப்போய் இரண்டு மூன்று ஆண்டுகளே ஆனவர்களாக, அதாவது இடைநிலைப்பள்ளியில் படிவம் 2, படிவம் 3 படிப்பவர்களாக இருக்க வேண்டும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு நாற்பது வயது என்பது கண்ணுக்கு எட்டாத தூரம். ஆனால் அடுத்த ஆண்டு தெரியும், அதைப் பற்றிய பயமும் உண்டு. பெரிய இடைநிலைப்பள்ளி, தெரியாத முகங்கள், மலாயில் பாடம். இங்கே கணிதத்தில் 'பின்னம்' என்று படித்தது அங்கே 'பெச்சாஹான்' ஆகிவிடும். 'ஒளிச்சேர்க்கை' 'ஃபோத்தோசிந்தேசிஸ்' ஆகிவிடும். விடை தெரிந்திருந்தும் கேள்வி புரியாமல் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று, அண்மையில் அதைக் கடந்து வந்த அக்காவால்தான் சொல்ல முடியும். புகுமுக வகுப்பில் (மலாய் போதாத பிள்ளைகள் படிவம் 1-க்கு முன் படிக்கும் வகுப்பு) ஓராண்டு இருந்துவிட்டு வந்தவர் கிடைத்தால் கட்டாயம் அழையுங்கள். அந்த ஓராண்டு தோல்வி இல்லை என்பதை அவர் வாயால் கேட்பதற்கு ஈடாக எதுவும் இல்லை.

மூன்றாமவர் எஸ்.பி.எம். (படிவம் 5 தேர்வு) முடித்துவிட்டு மேலே படிப்பவர். நான்காமவர் வேலைக்குப் போகிறவர். மருத்துவரையும் வழக்கறிஞரையும் மட்டுமே தேட வேண்டாம். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை 1972-இலிருந்து இருக்கிறது. எங்கள் பிள்ளைகளில் பலருடைய அம்மா அப்பா அங்கேயோ பிறையிலோதான் வேலை செய்கிறார்கள். ஆனால் கம்பெனிக் கதவுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. ஓராண்டு, சிப் தயாரிக்கும் இடத்தில் டெக்னீஷியனாக இருக்கும் முன்னாள் மாணவி ஒருவர் வந்தார். பாலிடெக்னிக்கில் மின்னியல் படித்தவர். தலைமுதல் கால்வரை மூடும் வெள்ளை உடையைப் போட்டுக் காட்டி, "நம்ம தலையிலேருந்து விழுற ஒரு சின்னத் தூசி போதும், சிப்பு கெட்டுப்போயிடும்" என்றார். மண்டபத்தில் ஒரு சத்தமில்லை. அன்று மாலை ஒரு பையன் வீட்டுக்குப் போய், "அம்மா, நீங்களும் அந்தச் சட்டை போடுவீங்களா?" என்று கேட்டானாம். அவன் அம்மா எனக்குச் சொல்லிக் கண்கலங்கினார்.

இன்னொரு காரணமும் உண்டு. 2021-இல் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் எழுதும் யு.பி.எஸ்.ஆர். தேர்வை எடுத்துவிட்டார்கள். அதற்கு முன்பெல்லாம் பேச வருகிறவர்கள் "எல்லாப் பாடத்திலும் ஏ எடுங்கள்" என்று சொல்லி முடித்துக்கொள்ளலாம். இப்போது அந்த வழி இல்லை. பிள்ளைகளிடம் வாழ்க்கையைப் பற்றியே பேச வேண்டியிருக்கிறது. எனக்கு அது நல்லதாகவே படுகிறது.

இவர்களை எங்கே தேடுவது? பழைய ஆண்டு மலர், வகுப்புப் படம், முன்னாள் மாணவர் சங்கம் என எல்லாம் உதவும். எங்களுக்கு அதிகம் உதவியது கேண்டீன் அக்கா. யார் வீட்டுப் பிள்ளை எங்கே படிக்கிறது, எங்கே வேலை செய்கிறது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

இரண்டாம் படி: நாளும் நேரமும்

சனிக்கிழமை காலை வையுங்கள். வார நாளில் வைத்தால் படிவம் 3 படிக்கும் பிள்ளைக்கும் அன்று பள்ளி இருக்கும். ஞாயிறு என்றால், பக்கத்து மாநிலமான கெடாவின் சுங்கைப் பட்டாணி பக்கம் குடிபோனவர்கள் வர முடியாது. கெடாவில் வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை. இரண்டு மாநிலத்துக்கும் பொதுவானது சனி.

மாதம் உங்கள் விருப்பம். நாங்கள் அக்டோபரில் வைக்கிறோம். 1816 அக்டோபர் 21-ஆம் நாள் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கியது. இந்த நாட்டில் தமிழ்க் கல்வியின் தொடக்கமாக அதைத்தான் சொல்கிறோம். அது நம் மாநிலத்தில் நடந்தது என்று சொல்லும்போது பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்வதை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் பினாங்கில் செப்டம்பரும் அக்டோபரும் நல்ல மழைக்காலம். தகரக் கூரை மண்டபத்தில் பிற்பகல் மழை பிடித்தால் மைக் இருந்தும் பயனில்லை. எட்டு மணிக்கு ஆரம்பித்துப் பத்துக்குள் முடித்துவிடுங்கள்.

மூன்றாம் படி: அனுமதி

பேச்சாளரிடம் பேசுவதற்கு முன்பே தலைமையாசிரியரிடம் பேசுங்கள். யார் வருகிறார்கள், எதைப் பற்றிப் பேசுவார்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். படம் எடுக்கவும் முகநூலில் போடவும் பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். அரசியல், டியூஷன் விளம்பரம், பொருள் விற்பனை எதுவும் கூடாது என்று முதல் அழைப்பிலேயே சொல்லிவிடுங்கள். பிறகு சொன்னால் இரண்டு பக்கமும் மனவருத்தம்தான்.

நான்காம் படி: பேச்சைத் தயார்செய்வது

நிகழ்ச்சியின் உயிரே இங்கேதான். மூன்று வாரத்துக்கு முன்பே ஆரம்பியுங்கள். நான் புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்பும் செய்தி இதுதான், அப்படியே எடுத்துக்கொள்ளலாம்:

"வணக்கம் தம்பி. நம்ம பள்ளியில 7 நிமிஷம் பேசணும். அறிவுரை வேண்டாம், ஒரே ஒரு நாளைப் பத்திச் சொன்னா போதும். 1. இங்கேருந்து போனதுக்கப்புறம் உனக்கு ரொம்பக் கஷ்டமா இருந்த நாள் எது? 2. அன்னைக்கு எங்க இருந்தே, பக்கத்துல யார் இருந்தாங்க? 3. மறுநாள் காலையில என்ன செஞ்சே? 4. இப்போ என்ன செஞ்சிக்கிட்டிருக்கே? எழுதி அனுப்பு, பிறகு போன்ல பேசுவோம்."

மூன்றாவது கேள்விதான் முக்கியம். கஷ்டத்தைச் சொல்லிவிட்டு நேராக வெற்றிக்குத் தாவிவிடுவது எல்லோருக்கும் வரும் பழக்கம். இடையில் என்ன செய்தார்கள் என்பதுதான் கேட்கும் பிள்ளைக்கு வேண்டும்.

படிவம் 3 மாணவி ஒருத்தி முதலில் அனுப்பிய உரையில் விடாமுயற்சி, தன்னம்பிக்கை என்று அழகான சொற்கள் நிறைய இருந்தன. போனில் கூப்பிட்டு, "முதல் நாள் வகுப்புல எங்கம்மா உட்கார்ந்தே?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "கடைசி வரிசை ஆன்ட்டி, கதவு பக்கம். டீச்சர் கேள்வி கேட்டா டாய்லெட்டுக்குப் போறேன்னு எழுந்து போயிடலாம்னு" என்றாள். இரண்டு வாரம் அப்படியே போயிருக்கிறாள். அப்புறம் கடையில் 555 புத்தகம் என்ற சின்னக் குறிப்பேடு ஒன்றை வாங்கி, நடுவில் கோடு போட்டு, இடப்பக்கம் தமிழ்ச் சொல், வலப்பக்கம் மலாய்ச் சொல் என்று ஒரு நாளைக்கு ஐந்து எழுத ஆரம்பித்திருக்கிறாள். "இதுதாம்மா உன் பேச்சு, மத்ததெல்லாம் எடுத்துடு" என்றேன். அன்று அவள் மேடையில் அந்தக் கசங்கிய புத்தகத்தையே தூக்கிக் காட்டினாள். மறுவாரம் பள்ளிக்குப் பக்கத்துக் கடையில் 555 புத்தகம் தீர்ந்துபோனது.

வீட்டுக் கஷ்டம் பேச விரும்புகிறவர்களிடம் மட்டும் கூடுதலாக நேரம் ஒதுக்குங்கள். அப்பாவின் குடியைப் பற்றியோ அடி வாங்கியதைப் பற்றியோ பேசினால், அதே நிலையில் இருக்கும் பிள்ளை கீழே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும். பேச வேண்டாம் என்று நான் சொல்வதில்லை. ஆனால் அந்தப் பிள்ளை அன்றே யாரிடம் போய்ப் பேசலாம் என்பதும் மேடையில் சொல்லப்பட வேண்டும். ஓர் ஆசிரியரின் பெயரைச் சொல்லுங்கள், அரசின் உதவித் தொலைபேசிச் சேவையான தாலியான் காசிஹ் எண் 15999-ஐயும் சொல்லுங்கள். அந்த ஆசிரியர் அன்று மண்டபத்தில் இருக்கட்டும்.

ஐந்தாம் படி: இப்போது படிக்கும் பிள்ளைகள்

ஆறாம் ஆண்டிலிருந்து இருவர், ஆளுக்கு மூன்று நிமிடம். நம் பள்ளிகளில் பேச்சுப் போட்டிக்குப் பஞ்சமில்லை. கை வீசிப் பேசி வெற்றி பெறும் பிள்ளைகளையே மறுபடியும் மேடையேற்ற மனம் இழுக்கும். இந்த முறை வேறு பிள்ளைக்குக் கொடுங்கள். தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டே படிக்கும் பிள்ளை, திக்கிப் பேசினாலும் ஓட்டப் பயிற்சிக்கு ஒரு நாள்கூட வராமல் இருக்காத பிள்ளை, இப்படி.

மனப்பாடம் வேண்டாம். மூன்று அட்டையில் மூன்று வரி எழுதிக் கொடுங்கள், மற்றதை அவர்களே சொல்லட்டும். முதல் நாள் ஆளில்லாத மண்டபத்தில் மைக்கைப் பிடித்து இரண்டு முறை பேசிப் பார்க்கட்டும். மைக்கில் வரும் தன் குரலே சில பிள்ளைகளைத் திடுக்கிட வைக்கும்.

முன்னாள் மாணவர்களைப் பிரமுகர் நாற்காலியில் உட்கார வைக்காமல், பேசப்போகும் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள். ஒருமுறை ஒரு பையன் நடுவில் நின்றுவிட்டான், உதடு துடிக்கிறது. யாரும் சொல்லாமலே படிவம் 2 அண்ணன் எழுந்துபோய் அவன் தோளை ஒட்டி நின்றான். ஒன்றும் பேசவில்லை. பையன் அட்டையைப் பார்த்து மீதியைச் சொல்லி முடித்தான்.

ஆறாம் படி: மைலோ டின்

"கேள்வி இருக்கா?" என்று மேடையிலிருந்து கேட்டால் ஒரு கையும் உயராது. ஒரு வாரத்துக்கு முன்பே காலி மைலோ டின்னில் துளை போட்டு நூலகத்தில் வைத்துவிடுங்கள். பெயர் எழுத வேண்டியதில்லை. எங்களுக்கு வந்தவற்றில் சில: "அங்கே நம்ம கூட்டாளிங்க வேற வகுப்புக்குப் போயிட்டா என்ன செய்றது?", "மலாய் தப்பாப் பேசினா சிரிப்பாங்களா?", "பணம் இல்லாட்டி காலேஜ் போக முடியுமா?" இவற்றைப் படித்துப் பார்த்து, முதல் நாளே பேச்சாளர்களுக்கு அனுப்பிவிடுங்கள். பணத்தைப் பற்றிய கேள்விக்கு 'முயன்றால் முடியும்' என்பது பதிலாகாது. மூன்றாமவர் தான் வாங்கிய கடனையோ உதவித்தொகையையோ, செய்த பகுதிநேர வேலையையோ அப்படியே சொல்லட்டும்.

ஏழாம் படி: அன்று காலை

ஏழரைக்குப் பேச்சாளர்களுக்குப் பசியாறல் கொடுத்துவிடுங்கள். நாசி லெமாக்கும் தேத்தண்ணியும் போதும். மைக்கில் புது பேட்டரி போடுங்கள். சின்ன வகுப்புகள் வேண்டாம், நான்காம் ஆண்டிலிருந்து வந்தால் போதும். தமிழ் வாழ்த்து, தலைமையாசிரியர் மூன்று நிமிடம், பிறகு நேராகப் பேச்சு. பிள்ளைகளும் முன்னாள் மாணவர்களும் கலந்து வரட்டும். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் அறிமுகம் செய்யட்டும், "மதிப்பிற்குரிய" என்று தொடங்காமல் "அடுத்து பேச வர்ற அக்கா" என்று. பொன்னாடையும் கேடயமும் நாங்கள் நிறுத்திவிட்டோம். அவர்கள் அன்று படித்த அதே வகுப்பறையில் இப்போது படிக்கும் பிள்ளைகள் கையால் எழுதிய கடிதங்களைக் கொடுக்கிறோம்.

எட்டாம் படி: அப்புறம்

பேச்சாளர்களும் பிள்ளைகளும் தனியாகப் போன் எண் மாற்றிக்கொள்ள வேண்டாம். மேலும் கேட்க விரும்புகிறவர்கள் வகுப்பாசிரியர் வழியாகக் கேட்கட்டும். திங்கட்கிழமை சபைகூடலில் ஐந்து நிமிடம் ஒதுக்கி, எது மனதில் நின்றது என்று பிள்ளைகளிடம் கேட்டுக் குறித்து வையுங்கள். அடுத்த ஆண்டு யாரை அழைப்பது என்பதற்கு அந்தக் குறிப்புதான் வழிகாட்டி.

இன்னும் ஒரு வேலை பாக்கி. ஒரு நோட்டில் அன்று மேடையேறிய இரண்டு ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளின் பெயரையும் அவர்கள் பெற்றோரின் எண்ணையும் எழுதுங்கள். பக்கத்தில் ஆண்டைப் போடுங்கள். மூன்று ஆண்டு கழித்து அவர்கள் படிவம் 3-இல் இருப்பார்கள். எங்கள் நோட்டில் தோள் கொடுத்த அந்த அண்ணன் பெயரும், நடுவில் நின்றுபோன பையன் பெயரும் அடுத்தடுத்த வரிசையில் இருக்கின்றன. பையனின் அம்மாவைப் போன வாரம் கூப்பிட்டேன். இந்த அக்டோபரில் பேச வருகிறானாம்.