கூத்துக் கசற்றுகளைக் கணினியில் ஏற்றும்போது பெயர் வைப்பது எப்படி?

சினிமாப் பாட்டுச் சீடி என்றால் பிகார்ட் போன்ற மென்பொருள் மியூசிக்பிரெய்ன்ஸ் தளத்தில் தேடிப் பெரும்பாலும் பெயரைக் கொண்டுவந்துவிடும். மட்டக்களப்பில் விடிய விடிய ஆடிய கூத்தைக் கசற்றில் பிடித்து வைத்திருப்பவருக்கு அந்த உதவி கிடைப்பது அரிது. நீங்கள் எழுதும் பெயர்தான் அதற்கு அடையாளம். எந்த ஊர்க் களரி (கூத்தாடும் இடம்), யார் அண்ணாவியார் (கூத்தைப் பழக்குபவர்) என்று சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள்.

1. பதிவைத் தொடங்கும் முன் ஒரு தாளில் விதியை எழுதுங்கள்: ஆண்டு, ஊர், வகை, கசற் எண்ணும் பக்கமும், பகுதி. உதாரணமாக, 1998_சீலாமுனை_வடமோடி_03ஏ_வரவு. இதில் வடமோடி கூத்தின் வகை, வரவு பாத்திரம் களரிக்கு வரும் பகுதி. ஆண்டு தெரியாவிட்டால் 0000 போடுங்கள். ஊகித்து எழுதவே கூடாது. 3 என்று எழுதாமல் 03 என்று எழுதினால் 10ஆம் கசற் 2க்கு முன்னால் போய் நிற்காது. சாய்கோடு, கேள்விக்குறி, முக்காற்புள்ளி ஆகியவற்றை விண்டோஸ் ஏற்காது.

2. எழுத்துக்கூட்டலை ஒன்றாக்குங்கள். அதிகம் குழம்புவது இங்கேதான். கண்ணகி கோயில் சடங்கைக் கண்ணகி குளுத்தி என்று ஒரு கோப்பிலும் குளிர்த்தி என்று இன்னொன்றிலும் எழுதியிருந்தால் இசை நூலக மென்பொருள் அவற்றை இரண்டு தொகுப்பாக்கிவிடும். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த பட்டியலை அப்படியே ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும். முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். யூனிகோடிலும் ஒரு சிக்கல் உண்டு. வடமோடியில் வரும் ‘மோ’வின் ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் அடிக்கலாம், ஏகாரக் குறியையும் காலையும் தனித்தனியாகச் சேர்த்தும் அடிக்கலாம். கண்ணுக்கு ஒன்றுபோலிருக்கும், சில மென்பொருள்களுக்கு அவை வேறு சொற்கள். அதனால் ஊர், வகைப் பெயர்களை ஒருமுறை சரியாக அடித்து வைத்து, ஒவ்வொரு முறையும் அங்கிருந்தே நகலெடுத்து ஒட்டுங்கள்.

3. கோப்பின் பெயரை மட்டும் மாற்றினால் போதாது. பெரும்பாலான இசை நூலக மென்பொருள்கள் கோப்புக்குள் இருக்கும் டேக் என்ற விவரக் குறிப்பைத்தான் படிக்கும். எம்பி3டேக் என்ற மென்பொருளில் கலைஞர், தொகுப்பு, வரிசை எண், தலைப்பு, ஆண்டு ஆகியவற்றை நிரப்பிவிட்டு, கன்வர்ட் பட்டியில் உள்ள ‘டேக் – ஃபைல்நேம்’ கட்டளையால் கோப்புப் பெயரை அதிலிருந்தே உருவாக்குங்கள். அண்ணாவியார் பெயர் கலைஞர் இடத்தில் வரட்டும், மத்தளக்காரர் பெயரைக் குறிப்பில் சேருங்கள். டேக்கை எழுதும் வடிவமான ஐடி3இன் பழைய முதல் பதிப்பில் தலைப்புக்கு 30 பைட் மட்டுமே; தமிழ் அதில் சரியாக நிற்காது. 2.3 பதிப்பைத் தெரிவுசெய்யுங்கள்.

4. முழுத் தொகுப்பையும் ஒரேயடியாக மாற்றாமல் ஒரு கசற்றின் நகலில் செய்து பாருங்கள். கைபேசியிலும் வரிசை சரியாக வந்தால் அப்புறம் மற்றவற்றைத் தொடங்கலாம்.