பிரீஆம்ப் வாங்குவதற்கு முன்னால்: பேஸ் கிட்டாரின் உள்வேலை

"அண்ணா, இதற்குள் ஓர் ஆக்டிவ் பிரீஆம்ப் போட்டுக் கொடுங்கள்" என்றுதான் பேஸ் வாசிக்கும் தம்பிகள் பெரும்பாலும் கேட்கிறார்கள். பேட்டரியில் ஓடி, பேஸின் சத்தத்தைக் கருவிக்குள்ளேயே பெருக்கும் சிறு பலகை அது. நான் மெல்லிசை மேடைகளிலும் தேவாலயத்திலும் பேஸ் வாசிப்பவன். சென்னையில் நண்பர்களின் கருவிகளைத் திறந்து சரிசெய்து கொடுப்பதும் உண்டு. அவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: பிரீஆம்ப் கடைசி. அதற்கு முன் பாட் (குமிழுக்கு அடியில் இருக்கும் மாறும் மின்தடை), கெபாசிட்டர், கேபிள் செருகும் ஜாக், எர்த், வெளி இரைச்சலைத் தடுக்கும் செம்புக் கவசம் எல்லாம் ஒழுங்காக வேண்டும். பிரீஆம்ப் தனக்கு வந்து சேருவதைத்தான் பெருக்கும். கரகரக்கும் ஜாக்கும் உறுமும் வயரிங்கும் உள்ள கருவியில் அதைப் பொருத்தினால் கரகரப்பும் உறுமலும் சேர்ந்தே பெருகும். இந்த அடிப்படை வேலைகளை முடித்துக் கருவியைத் திருப்பிக் கொடுத்த பிறகு, பலர் பிரீஆம்ப் பேச்சையே விட்டுவிடுகிறார்கள்.

இங்கே நான் எடுத்துக்கொள்வது ஜாஸ் பேஸ் வகை. ஃபெண்டர் நிறுவனம் 1960இல் கொண்டுவந்த வகை அது. இன்று வழக்கமான அதன் வடிவம்: கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் ஒற்றைச் சுருள் பிக்கப் இரண்டு, வால்யூம் இரண்டு, டோன் ஒன்று, பேட்டரி கிடையாது. நம் ஊர்க் கடைகளில் விலை குறைந்த பேஸ் வாங்குகிறவர்கள் கையில் அதிகம் இருப்பது இதன் நகல்கள்தான். ஃபெண்டரின் இன்னொரு வகையான பிரிசிஷன் பேஸ் வைத்திருப்பவர்கள் ஒரு பிக்கப்பும் ஒரு வால்யூமும் குறைவு என்று மட்டும் நினைத்துக்கொண்டு படிக்கலாம்.

திருகாணியைத் தொடுவதற்கு முன்பே அளவெடுங்கள். கேபிளைப் பேஸில் செருகி, இரண்டு வால்யூமையும் முழுக்கத் திறந்துவிட்டு, கேபிளின் மறுமுனையில் பிளக்கின் நுனிக்கும் தண்டுக்கும் இடையே மல்டிமீட்டரை வையுங்கள். ஜாஸ் பேஸ் பிக்கப் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 7 முதல் 8 கிலோ ஓம் இருக்கும். இரண்டும் இணையாக இருப்பதால் மீட்டர் 4 கிலோ ஓமுக்குச் சற்றுக் குறைவாகக் காட்ட வேண்டும். ஒரு வால்யூமை மூடினால் 7 அளவுக்கு ஏற வேண்டும். எண்ணே வராவிட்டால் எங்கோ அறுந்திருக்கிறது. பூஜ்யம் வந்தால் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டையும் மூடிய நிலையில் 125 கிலோ ஓமை ஒட்டி ஓர் எண் வந்தால் பதற வேண்டாம், அது பழுதல்ல. ஜாஸ் பேஸில் பிக்கப்பின் வயர் பாட்டின் நடுக்காலுக்குப் போகிறது, வெளியே போகும் வயர் ஓரக்காலிலிருந்து கிளம்புகிறது. ஒரு பிக்கப்பை மூடினால் மற்றதும் சேர்ந்து ஊமையாகிவிடாமல் இருப்பது இந்த ஏற்பாட்டால்தான். வால்யூம் இரண்டையும் மூடிய பிறகும் இலேசான இரைச்சல் கேட்பதற்கும் இதுவே காரணம். இந்த எண்களை ஒரு தாளில் எழுதிவையுங்கள். குமிழ்கள் பொருத்திய மேல்தகட்டைக் கழற்றியதும் உள்ளே இருக்கும் வயரிங்கை நல்ல வெளிச்சத்தில் புகைப்படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பாட். ஒற்றைச் சுருள் பிக்கப்புக்கு 250 கிலோ ஓம், ஆடியோ வகை, அதாவது திருப்பும்போது சத்தம் காதுக்குச் சீராக ஏறும் வகை. ஆசியத் தயாரிப்புகளில் 'ஏ' என்ற எழுத்து ஆடியோவையும் 'பி' என்ற எழுத்து லீனியரையும் குறிக்கும். சாதாரண எலக்ட்ரானிக்ஸ் கடையில் இந்த அளவு எளிதில் அகப்படாது. "100 கிலோ இருக்கிறது, அதுவும் இதுவும் ஒன்றுதான்" என்று யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். பாட்டின் அளவு குறையக் குறைய பிக்கப்பின் மேல் சுமை ஏறி உயர் சுருதிகள் மங்கும். 500 கிலோ போட்டால் எதிர்த்திசையில் போகும். பிரகாசம் கூடும், கூடவே விரல் உரசும் ஓசையும் ஃபிரெட்டில் கம்பி அடிபடும் ஓசையும் முன்னால் வரும். சிலருக்கு அது பிடிக்கிறது. எனக்கு 250தான். பாட்டில் 20 சதவீதம் வரை ஏற்ற இறக்கம் சகஜம் என்பதால், கூடுதலாக ஒன்றிரண்டு வாங்கி மீட்டரில் அளந்து, உயர்ந்த எண் காட்டுபவற்றை வால்யூமுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கும்போதே உடல் அளவையும் பார்க்க வேண்டும். மலிவான பேஸ்களில் 16 மில்லிமீட்டர் சிறிய பாட் இருக்கும். பெரியது 24 மில்லிமீட்டர். அதன் கழுத்துக்கு 9.5 மில்லிமீட்டர் துளை தேவை. தகட்டின் துளை சிறிதாக இருந்தால் உருளை அரத்தால் மெல்ல அகலப்படுத்துங்கள். டிரில்லைக் கொண்டு பெரிதாக்கப் போனால் மெல்லிய தகடு கோணிக்கொள்ளும். குமிழ் பக்கவாட்டுத் திருகால் இறுகும் வகை என்றால் திண்மத் தண்டுள்ள பாட் வேண்டும். அழுத்திச் செருகும் வகை என்றால் பிளந்த தண்டு.

டோன் குமிழோடு சேர்ந்து உயர் சுருதிகளைக் குறைக்கும் கெபாசிட்டரைப் பற்றி அதிகம் பேச எதுவும் இல்லை. 0.047 மைக்ரோஃபாரட் என்பது வழக்கமான அளவு. மேலே 473 என்று அச்சிட்டிருக்கும். சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிட்சி தெருவில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் பச்சை நிற பாலியஸ்டர் கெபாசிட்டர் போதும். எண்ணெயில் ஊறிய காகிதக் கெபாசிட்டருக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கிறார்கள். அளவு ஒன்றாக இருந்தால் இந்த இடத்தில் காதுக்கு வித்தியாசம் தெரியாது என்பது என் உறுதியான கருத்து. அளவை மாற்றினால்தான் குரல் மாறும். 223 என்று குறித்தது, அதாவது 0.022, டோனை மூடினாலும் சுரங்கள் தெளிவாகக் கேட்கும் அளவில் நிற்கும். 104, அதாவது 0.1, நன்றாக ஆழ்ந்துபோகும். பற்றவைப்பதற்கு முன் முதலை கிளிப்பால் மாட்டி, வாசித்துப் பார்த்துத் தேர்ந்துகொள்ளுங்கள்.

இனி ஈயம் வைக்கும் வேலை. பேஸ் வயரிங்கில் நான் பார்க்கும் கோளாறுகளில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது, குறிப்பாகப் பாட்டின் முதுகில். முதுகு முழுக்க உலோகம். வைத்த சூட்டையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். 25 வாட் சால்டரிங் அயர்னை வைத்துக்கொண்டு நிமிடக் கணக்கில் தேய்த்தால் ஈயம் தாமரை இலைத் தண்ணீராக உருண்டு நிற்குமே தவிர ஒட்டாது. அதற்குள் உள்ளே இருக்கும் கரித்தடம் வெந்துபோய்விடும். 50 அல்லது 60 வாட் அயர்ன், தட்டையான உளி முனை, 350 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். முதுகில் விரல்நகம் அகலத்துக்கு உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பை எடுங்கள். அயர்ன் முனையில் துளி ஈயம் வைத்து, முனையைத் தட்டையாகப் படியவைத்து, ஈயக் கம்பியை முனையில் அல்லாமல் முதுகில் தொடுங்கள். சூடு ஏறியிருந்தால் ஈயம் தானாக இளகிப் பரவி ஓரங்கள் மெலிந்து படியும். மூன்று நான்கு விநாடிக்குள் முடிய வேண்டும். முடியாவிட்டால் அயர்னை எடுத்துவிட்டுப் பாட்டை ஆறவிடுங்கள். பிறகு, ஏற்கெனவே ஈயம் பூசிய வயரை அந்தத் திட்டின் மேல் வைத்து மறுபடி சூடுகாட்டினால் ஒரு நொடியில் அமிழ்ந்துவிடும். ஈயம் இறுகும்வரை கை அசையக்கூடாது. அசைந்தால் இணைப்பு சாம்பல் நிறத்தில் பொரிந்து நிற்கும். அது இன்று பிடிக்கும், பத்து மேடை கடந்ததும் விடும்.

ஈயக் கம்பி 60க்கு 40 வெள்ளீயம், காரீயம் கலந்த, நடுவில் ரோசின் உள்ள வகையாக இருக்கட்டும். தகரத் தொழிலுக்கு விற்கும் அமிலப் பேஸ்டை இதற்குள் கொண்டுவராதீர்கள். கடற்காற்று வீசும் ஊரில் அது செம்பு வயரை ஒரே மழைக்காலத்தில் பச்சையாக்கிவிடும். சன்னலைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள், முடிந்ததும் கையைக் கழுவுங்கள். கருவியின் உடம்பின் மேல் பழைய பருத்தித் துணியை விரித்துவிடுங்கள். ஈயத்துளி ஒன்று தெறித்தால் வார்னிஷில் நிரந்தரப் புள்ளி விழும்.

ஜாக்கைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஒவ்வொரு முறையும் கேபிளைச் செருகிப் பிடுங்கும் பாகம் அது. வியர்வையும் ஈரக்காற்றும் படிவதும் அங்கேதான். வளைந்த நாக்கு தளர்ந்திருந்தால் வளைத்துச் சரிசெய்து காலம் தள்ளாமல் புதியதை மாற்றுங்கள். கெட்டியான உலோக ஜாக்கின் விலை நல்ல கேபிள் விலையில் சிறு பங்குதான். நட்டை முறுக்கும்போது உள்ளே ஜாக்கும் சேர்ந்து சுற்றினால் வயர் முறுகி அறும். பல்வாஷரைப் போட்டு, உள்ளிருந்து விரலால் பிடித்துக்கொண்டு முறுக்க வேண்டும்.

அடுத்தது உறுமல். எந்த வகை உறுமல் என்று தெரியாமல் செம்புத்தாள் ஒட்ட ஆரம்பிப்பது வீண். ஆம்ப்ளிஃபையரில் செருகிக் கம்பிகளைத் தொடுங்கள். தொட்டதும் இரைச்சல் அடங்கினால் எர்த் சரியாக இருக்கிறது, கவசம்தான் போதவில்லை. தொட்டால் கூடினால் ஜாக்கில் வயர்கள் இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். தொட்டும் மாற்றமே இல்லையென்றால் கம்பிகளின் அடிமுனையைத் தாங்கும் பிரிட்ஜுக்கு அடியில் போகும் எர்த் வயரைச் சோதியுங்கள்; கம்பிக்கும் ஜாக்கின் தண்டுப் பக்கத்துக்கும் இடையே மீட்டர் பூஜ்யத்தை ஒட்டிக் காட்ட வேண்டும். நீங்கள் திரும்பும் திசைக்கேற்ப ஏறி இறங்கும் உறுமல் இன்னொரு வகை. அருகிலுள்ள டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலத்திலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸ் அது. செம்புத்தாள் அதைத் தடுக்காது. ஜாஸ் பேஸில் பொதுவாக ஒரு பிக்கப்பின் சுருள் சுற்றிய திசையும் காந்தத் திசையும் மற்றதற்கு எதிராக இருக்கும். இரண்டு வால்யூமையும் சமமாகத் திறந்தால் இந்த உறுமல் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். ஒரே பிக்கப்பில்தான் வாசிப்பேன் என்பவர்கள் உறுமல் நீக்கும் இரட்டைச் சுருள் பிக்கப்புக்கு மாற வேண்டும், வேறு வழியில்லை.

கவசம் வேண்டும் என்று முடிவானால், பசைப்பக்கமும் மின்சாரம் கடத்தும் செம்புத்தாளை வாங்குங்கள். கம்பிகளைத் தளர்த்தி பிக்கப்புகளைத் தூக்கி, குழிகளின் தரை, சுவர் முழுக்க ஒட்டி, ஓரத்தைக் குழியின் உதட்டின் மேல் மடித்துவிடுங்கள். மேல்தகடு அதன் மேல் படிந்து பெட்டியை மூடும். தாள்கள் சேரும் இடங்களில் சிறு ஈயப்புள்ளிகள் வைத்து, எல்லாக் குழிகளும் ஒன்றோடொன்று தொடர்பில் இருக்கின்றனவா என்று மீட்டரால் பார்த்து, எர்த்துக்கு ஒரு வயர் கொடுங்கள். ஜாக்கின் நுனிக்கால் செம்பைத் தொட்டால் பேஸ் முழு ஊமை. அந்த இடத்தில் மட்டும் செம்பின் மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டிவிடுங்கள். வேலை முடிந்தபின் சத்தமே வராமல் என்னிடம் வரும் கருவிகளில் முதலில் பார்ப்பது இந்த இடத்தைத்தான்.

எர்த் என்று சொல்லும்போது இதையும் சொல்லியாக வேண்டும். உங்கள் கம்பிகள் கேபிள் வழியாக ஆம்ப்ளிஃபையரின் எர்த்தோடு பிணைந்திருக்கின்றன. உறுமலை நிறுத்துவதற்காக மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை வெட்டுவதையும், இரண்டு முள் பிளக் மாட்டுவதையும் மேடைகளில் பார்க்கிறேன். 230 வோல்ட் விளையாட்டல்ல. கோயில் திருவிழா மேடையில், ஜெனரேட்டர் மின்சாரத்தில், ஈரத்தரையில் நின்று மைக்கை உதட்டால் தொடும் பாடகருக்கும் உங்களுக்கும் உயிர் ஆபத்து அது. தயவுசெய்து செய்யாதீர்கள்.

இத்தனைக்கும் பிறகு பிரீஆம்ப் தேவைப்படலாம். நீளமான கேபிளில் உயர் சுருதி மங்குவது உண்மை. கேபிளின் ஒவ்வொரு மீட்டருக்கும் ஏறக்குறைய 100 பிகோஃபாரட் சேர்கிறது. பிரீஆம்ப் வெளியேறும் இடத்தின் மின்தடையைக் குறைத்துவிடுவதால் அந்த மங்கல் நின்றுவிடும். பாட்டுக்குப் பாட்டு ஆம்ப்ளிஃபையர் பக்கம் போகாமல் கையருகிலேயே தாழ்சுருதியைக் கூட்டிக் குறைக்கவும் முடியும். 1976இல் வந்த மியூசிக் மேன் ஸ்டிங்ரே இந்த ஏற்பாட்டைப் பரவலாக்கியது. மெல்லிசை மேடைக்கு பேஸ், டிரெபிள் என இரண்டே குமிழ் உள்ளதைத்தான் பரிந்துரைப்பேன். மூன்றாவதாக நடுச்சுருதிக் குமிழ் இருந்தால் மேடை அவசரத்தில் அதுதான் முதலில் தவறான இடத்தில் போய் நிற்கும்.

பொருத்தும்போது பிக்கப், வால்யூம், பிரீஆம்ப், ஜாக் என்பது வரிசை. பழைய ஜாக்கை எடுத்துவிட்டு ஸ்டீரியோ ஜாக் போட வேண்டும். பேட்டரியின் கறுப்பு வயர் அதன் வளையக்காலுக்குப் போகும். சாதாரண மோனோ பிளக்கைச் செருகும்போது அதன் தண்டு, வளையக்காலை எர்த்தோடு சேர்த்து வைக்கிறது. அப்போதுதான் 9 வோல்ட் ஓட ஆரம்பிக்கும். எது வளையக்கால் என்று குழப்பமாக இருந்தால், பிளக் செருகியிருக்கும்போது எர்த்தோடு தொடர்பு காட்டி, பிடுங்கியதும் தொடர்பு அறுவது எதுவோ அதுதான். வாசிக்காத நேரத்தில் பிளக்கைப் பிடுங்கி வைக்க வேண்டும் என்பதும் இதனால்தான்.

இழுத்தால் பிரீஆம்பை மின்சுற்றிலிருந்து விலக்கும் சுவிட்ச் பாட் ஒன்றை வால்யூமில் வையுங்கள். கச்சேரி நடுவில் பேட்டரி தீர்ந்தாலும் வாசிப்பு நிற்காது. பேட்டரியைப் பஞ்சில் சுற்றிக் குழிக்குள் ஆடாமல் வையுங்கள், அதன் முனைகள் செம்பைத் தொடக்கூடாது. எல்லா இணைப்பையும் மீட்டரால் சரிபார்த்த பிறகே பேட்டரி கிளிப்பை மாட்டுங்கள். ஒரு கணம் தலைகீழாகத் தொட்டாலும் சில பிரீஆம்ப்கள் செத்துவிடும். பலகையில் அளவு திருத்தும் சிறு திருகு இருந்தால், குமிழ்களை நடுவில் வைத்து, தடித்த ஈ கம்பியை ஒரே வலுவில் மீட்டிக்கொண்டே பிரீஆம்பை உள்ளும் வெளியுமாக மாற்றிப் பாருங்கள். இரண்டு நிலையிலும் சத்தம் ஒரே அளவில் கேட்கும்வரை அந்தத் திருகைத் திருப்பிவிட்டு, பிறகு மேல்தகட்டை மூடுங்கள்.